ரத்தத்தில் கூடிப்போன வளர்ச்சி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. வைத்திய விஷயத்தை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பேரன் எடுக்கும் வயதில் யாருக்கும் கால் வளராது. எனக்கு வளர்ந்தது. பெண்கள் செருப்பு எதுவும் சேராமல் ஆண்கள் செருப்பு வாங்க ஆரம்பித்தேன். மோதிரத்தைச் சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. தோப்பு வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியிருக்கிறதா பார்க்க, பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்.

பரிசோதனையில், ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் என்று வந்தது. அதன் தூண்டுதலால் கல்லீரல் செய்கிற ஒரு புரதமும் அதிகம். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் சிறு கட்டி. அது புற்றுநோய் அல்ல, எடுத்துவிடலாம் என்றார். அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"இந்த அளவு பல வருஷமாக் கூடியே இருந்தா, பெருங்குடல்ல சின்னச் சின்னச் சதை வளர வாய்ப்பு கொஞ்சம் அதிகமுங்க. அதுல சிலது பின்னால புற்றுநோயா மாறலாம். உங்களுக்கு இருக்குதுன்னு சொல்லலை. குழாய் விட்டுப் பார்த்துப்போடலாம்."

வளர்ச்சி என்றால் நல்லது என்றே கேட்டுப் பழகியவள் நான். தென்னம்பிள்ளை வளர்ந்தாலும் சந்தோஷம், பிள்ளைகள் வளர்ந்தாலும் சந்தோஷம். எனக்குள்ளே இத்தனை வருஷம் கேட்பாரில்லாமல் எதெது வளர்ந்ததோ என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆஸ்பத்திரி சிங்காநல்லூர்ப் பக்கம். முந்தின நாளே போய் நங்கை வீட்டில் தங்கினேன். நங்கை என்றால் வீட்டுக்காரரின் அக்கா. அன்று முழுக்கத் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும், சாயங்காலம் குடலைக் கழுவும் மருந்து என்பது டாக்டர் சொன்ன முறை. பின்வழியாகக் குழாய் விடுவார்கள் என்பதை எப்படிச் சொல்வது? ரத்தப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன். நங்கை இலை போட்டுவிட்டார். "போதுங்க" என்றேன். எங்கள் பக்கம் முதல் "போதுங்க"வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவதையும் எடுப்பதில்லை. எல்லாவற்றையும் மருந்து கழுவிவிடும் என்று நினைத்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் நங்கைக்குத் தெரியாமல் மருந்தையும் குடித்தேன்.

காலையில் நர்ஸ் கேட்டாள். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் நங்கை சொன்னார். "அரிசிம்பருப்புச் சோறு கண்ணு, நெய் ஊத்தி. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான் உட்டனா?"

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். குடல் சுத்தமாக இருக்காது, நாளைக்குத்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோவில் நங்கை பொரிந்து தள்ளினார். "ராத்திரி பூராக் கக்கூசுக்கு ஓடுனியே, என் சமையல்தான் ஆகலையோன்னு நான் ஓமத்தண்ணி காச்சிட்டு உக்காந்திருந்தேன். வாயில என்ன, கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், புற்றுநோய் என்ற வார்த்தை உட்பட. ஆட்டோக்காரர் கேட்பாரே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன். நங்கை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பயமா இருக்குதா அம்மணி?"

"இருக்குதுங்க."

டாக்டரிடமோ வீட்டுக்காரரிடமோ சொல்லாததை அங்கே சொல்லிவிட்டேன். வாய்ப்பு அதிகம் என்பதும் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அது தெரிந்தும் பயம் போகவில்லை. அன்று வீட்டில் இளநீரும் வடிகட்டிய சாறும்தான். பக்கத்து வீட்டம்மா முறுக்கு கொண்டுவந்தபோது நங்கை வாசலிலேயே சொன்னார். "அவளுக்குக் குடல்ல பரிசோதனைங்க. ஒண்ணும் குடுக்கப்படாது." எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் பரிசோதனை நடந்தது. இரண்டு சிறு சதைகள் இருந்தன. அப்போதே எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பார்வைக்குப் புற்றுநோய் மாதிரி இல்லை, முடிவு வரட்டும் என்றார் டாக்டர்.