மதினி என்று கூப்பிட்ட மெகருன்னிசா

மெகருன்னிசா என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் அக்கா வீட்டு அடுப்படியில். வெங்காயம் அரிந்துகொண்டே அக்கா சொன்னாள்: "நம்ம உமருக்கு நௌஷாத் தங்கச்சி மெகருன்னிசா. நௌஷாத்துக்கு நம்ம ஷர்மின். ரெண்டு நிக்காவும் ஒரே நாள்ல."

உமர் பாருக்கும் அவன் தங்கை ஷர்மினும் என் அக்கா பிள்ளைகள்.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குறியா? ஓடைப்பட்டிய மறந்துட்டியாக்கா?" என்றேன்.

ஓடைப்பட்டியில் எங்கள் பெரியத்தா வகையில் இப்படித்தான் இரண்டு வீட்டார் பெண் மாற்றிக்கொண்டார்கள். குழம்பில் உப்புக் கூடிய சண்டையில் ஒருத்தி கோபித்துத் தாய்வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் மற்றவளைத் துணி மூட்டையோடு அனுப்பிவிட்டார்கள். அவள் ஒரு தப்பும் செய்யாதவள், கைப்பிள்ளைக்காரி. இரண்டு பேருமே கடைசிவரை புருஷன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அக்கா கேட்கவில்லை. நிக்கா நடந்தது. கம்பத்தில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு குடும்பமும் நன்றாகத்தான் இருந்தன. மெகருன்னிசாவுக்கு ஷர்மின் அண்ணன் பொண்டாட்டி. ஷர்மினுக்கு மெகருன்னிசாவும் அண்ணன் பொண்டாட்டி. ஆக, இவளுக்கு அவள் மதினி, அவளுக்கு இவள் மதினி. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

முப்பத்தைந்து வயதில் இருவருக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. ஒரு திராட்சை வியாபாரியின் காலிக் கொட்டகையில் சுபாஸ்ரீ டீச்சர் பொம்பளைகளுக்கு ஷட்டில் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு போனார்கள். வெளியே விளையாட முடியாது. ஆடிக் காற்று இறகுப்பந்தைத் தோட்டம் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

டீச்சர் முதலில் மட்டை பிடிக்கக் கற்றுத்தந்தார், ஆளுக்குக் கை குடுப்பதுபோல. அப்புறம் சர்வீஸ். பந்தின் இறகை இரண்டு விரலால் பிடித்து, இடுப்புக்குக் கீழே வைத்து, வீசாமல் தள்ள வேண்டும். வலையை உரசினாற்போல் போய் விழ வேண்டும். இது ஷர்மினுக்கு வந்துவிட்டது. மெகருன்னிசாவுக்கு வந்தது வேறு. உயர வரும் பந்தை, கையைக் காதுக்குப் பின்னால் இழுத்து, தலைக்கு மேலே வைத்து ஓங்கிக் கீழே அடிப்பாள். மாவாட்டிய கை.

"எங்க அண்ணன் இந்த அடியப் பாத்தாகன்னா வீட்டுல வாயே திறக்க மாட்டாக மதினி" என்று ஷர்மின் சிரிப்பாள்.

ஜோடியாக ஆடும்போது டீச்சர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "முன்னால நிக்கிறவுக பின்னால திரும்பவே கூடாது. பின்னால நிக்கிறவுக ஆளக் கூப்பிடக் கூடாது. 'எனக்கு'ன்னு மட்டும் கத்துங்க."

ஒரு வியாழக்கிழமை ஷர்மின் சர்வீஸ் போட்டாள். எதிரே நின்றவர்கள் பந்தை உயரத் தூக்கிவிட்டார்கள். பின்னால் மெகருன்னிசா கையை ஓங்கிவிட்டாள். ஷர்மின் தலை குறுக்கே தெரிந்தது. குனியச் சொல்ல நினைத்தவள் வாயில் வந்தது, "மதினி!"

பத்து வருசமாக அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பழகியவள் திரும்பினாள். பந்து வலது கண்ணில் அடித்தது.

தேனி கண்ணாஸ்பத்திரியில், கண்ணுக்குள் ரத்தம் கோத்திருக்கிறது என்றார்கள். அஞ்சு நாள் தலையை உயர்த்தியே படுக்க வேண்டும், குனியக் கூடாது, இருமக்கூடக் கூடாது. மறுபடி ரத்தம் கசிந்தால் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாதாம்.

அக்கா தன் மகளோடு தேனியில் இருந்தாள். நான் மெகருன்னிசா வீட்டில் துணைக்கு இருந்தேன். உமர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போன் அடித்தால் அவள் எடுக்காமல் என்னிடம் நீட்டுவாள். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் ஒரு பையைப் பார்த்தேன். பிள்ளைகள் துணியும் பிறப்புச் சான்றிதழும் அதில் மடித்து வைத்திருந்தாள்.

"என்னத்தா இது?"

"ஓடைப்பட்டிக் கதைய நீங்கதான சொன்னீக, சின்ன மாமி? மதினிக்குக் கண்ணு போச்சுன்னா என்னைய இங்கன வச்சிருப்பாகளா? என்னைய அனுப்பிட்டா அங்கன எங்கண்ணன் மதினிய வச்சிருப்பாகளா?"

அந்தக் கதையை ஏன்தான் அவளிடம் சொல்லிவைத்தேனோ.

அஞ்சாம் நாள் இருவரும் தேனிக்குப் போனோம். நௌஷாத் கட்டில் பக்கத்தில் நின்றான். கஞ்சித் தூக்கோடு மெகருன்னிசா கதவைத் தாண்டவில்லை. அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே மகளிடம் கேட்டாள்:

"எதுக்குடி பின்னால திரும்புன? கூப்பிட்டது யாரு?"

மெகருன்னிசா தூக்கைத் தரையில் வைத்துவிட்டாள்.

"மதினிதான் கூப்பிட்டாக" என்றாள் ஷர்மின், தலையை அசைக்காமல். "திரும்பாதன்னு டீச்சர் நூறு தடவ சொன்னாக. நான் திரும்புனேன்."

"கண்ணு போச்சுன்னா?"

"போனா எனக்கு ஒரு கண்ணு. மதினிய அனுப்பிட்டா அண்ணன் பிள்ளைக நாலு கண்ணும் அழும். அப்புறம் என்னையும் மூட்டையோட உன் வீட்டுக்கு அனுப்புவாக. எது தேவலைம்மா?"

நௌஷாத் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா மெகருன்னிசாவைப் பார்த்து, "கஞ்சி ஆறப்போகுது, உள்ள வா" என்றாள்.

ஷர்மினுக்குப் பார்வை போகவில்லை. ஆனால் அந்தக் கண்ணின் பாப்பா சுருங்குவதில்லை. வெயிலில் கறுப்புக் கண்ணாடி வேண்டும். மெகருன்னிசாவுக்கு அந்தப் பையைப் பிரிக்க ஒரு மாதம் ஆயிற்று. இப்போது கொட்டகையில் அவள் முன்னால்தான் நிற்கிறாள், ஷர்மின் பின்னால். ஓங்கி அடிப்பதே இல்லை. உயரப் பந்து வந்தால் இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

மெகருன்னிசா கம்பத்தில், உமர் வீட்டில்தான் இருக்கிறாள்.