கடற்கரை வீட்டில் கிடைக்கும் வசதிகள்

சோற்றில் பல் வைத்தாலே 'நறநற'வென்று மணல் கடிபடும். கடற்கரை வீட்டில் தங்கப் போகிறவர்கள் முதலில் எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான். படுக்கிற பாயில் மணல், தலைமுடியில் மணல், துணிகட்டி மூடிய ஊறுகாய் ஜாடிக்குள்ளும் மணல், போதாததற்குக் காற்று திரும்பும்போதெல்லாம் கருவாட்டு வாடை. ஆனாலும் மே மாதம் பிறந்துவிட்டால், நாசரேத் பக்கத்திலிருந்து எங்கள் ஐந்து வீட்டுச் சனமும், முப்பது பேருக்குக் குறையாமல், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புன்னைக்காயலுக்குக் கிளம்பிவிடும். அங்கே ஒரு தோணிக்காரரின் மாடிவீட்டைப் பெரியப்பா பத்து நாளைக்கு வாடகைக்குப் பேசி வைத்திருப்பார். கடல் தண்ணீரில் குளித்தால் சொறி சிரங்கு ஓடிப்போகும், உடம்பு 'கெட்டிப்படும்' என்பது அவர் கட்சி.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே முத்து முத்தான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுவார். ஆளுக்கொரு பாயும் தட்டும் கொண்டுவர வேண்டும், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், வண்டியில் வரும் குடிதண்ணீரில் யாரும் முகம் கழுவக் கூடாது, மணி அடித்ததும் பெண்கள் காலையிலும் ஆண்கள் சாயங்காலமும் கடலில் குளிக்கலாம் என்று வரிசையாகப் போகும் அந்தக் கடிதம், 'அங்கே கிடைக்கும் வசதிகள்' என்ற தலைப்போடு முடியும். அந்தக் கடைசிப் பகுதியை நான் அப்போது படித்ததே இல்லை. குளிக்கிற நேரம் தெரிந்தால் போதும் எனக்கு.

என் அப்பா பெரியப்பாவுக்குக் கடைசித் தம்பி. தூத்துக்குடியில் கொழும்புக் கப்பலேறி, அங்கிருந்து மலாயாத் தோட்டமொன்றுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அம்மாவைக் கட்டுக்கழுத்தி என்று வைப்பதா, கைம்பெண் என்று வைப்பதா என்று குடும்பத்தில் யாருக்கும் புரியவில்லை. அதனால் அடுப்படியில் வைத்தார்கள்.

பெண்கள் குளிக்கப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் முப்பது பேருக்கும் இடியாப்பம் பிழிந்தாக வேண்டும். உப்புத் தண்ணீரில் ஆட்டம் போட்டுவிட்டு ஈரச் சேலையோடு வருகிற கூட்டம் 'கொலைப் பசி' என்று கத்திக்கொண்டேதான் படியேறும். அம்மாவுக்குக் கடலின் இரைச்சல் மட்டும்தான் கிடைத்தது. அவள் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே என்னிடம், "உங்கப்பா போன தண்ணி இது. ஒரேயொரு தடவ முங்கி எந்திரிச்சாப் போதும்ளா எனக்கு" என்றாள். நான் அதைப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். பெரியம்மா பெரிய மனசு பண்ணி அம்மாவிடம், "அதுக்கென்ன, கடைசி நாளு நீ போயி நல்லா முங்கிட்டு வா எஸ்தரு, அன்னைக்கு அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

முதல் வருஷம் கடைசி நாளில் பெரியம்மாவுக்குத் தலைவலி. இரண்டாம் வருஷம் வண்டிகள் விடிவதற்கு முன்பே வந்து நின்றுவிட்டன. மூன்றாம் வருஷம், எனக்குப் பத்து வயது, வண்டிமாடு கிடைக்காமல் இரண்டு நாள் பிந்திப் புறப்பட்டோம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தது. அடுப்படியிலேயே கிடந்து கிழமை மறந்துபோன அம்மா, முங்குவதற்கென்று ஒரு பழைய சேலையைச் சனிக்கிழமை துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அன்று சாயங்கால ஜெபம் முடிந்ததும் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு ஓய்வுநாள். யாரும் கடல்ல இறங்கப்பிடாது" என்றார். பெரியம்மா அம்மாவைப் பார்த்து, "அவிய சொன்னா சொன்னதுதான். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்ளா" என்றாள். ஓய்வு கடலுக்குத்தானே தவிர அடுப்புக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோழிக் குழம்பு வேறு வைக்க வேண்டியிருந்தது.

அந்த ஊரில் எங்கள் சபைக்குக் கோயில் கிடையாது என்பதால் மறுநாள் மாடியிலேயே ஆராதனை நடந்தது. பைபிளில் கட்டளைகளாக வரும் பத்துக் கற்பனைகளையும் பிசகாமல் ஒப்பித்ததற்காக நான் முன்வரிசையில், பெரியப்பா காலடியில், தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கீழேயிருந்து அடிப்பிடித்த வாடை வந்தது. பெரியம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏளா, உங்கம்மா எங்க?" என்று கேட்டாள். பாட்டு நின்றது. அம்மா பின்வாசல் வழியாகப் பழைய சேலையோடு இறங்கிப் போனதை நான் ஜன்னலில் பார்த்திருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லக் கூடாது என்பதைத்தான் அரை மணி நேரத்துக்கு முன் ஒப்பித்திருந்தேனே! "கடலுக்குப் போயிருக்கா" என்றேன், பரீட்சையில் சரியான விடை சொல்கிற குரலில்.

பெரியப்பா மூத்த மகனை அனுப்பினார். கரையில் நின்று அவன் கூப்பிட்ட கூப்பாட்டில் அம்மா அப்படியே திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. படியேறி வந்தபோது முழங்கால் வரைக்கும்தான் சேலை நனைந்திருந்தது. அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஓய்வுநாளைப் பற்றிய கற்பனையைச் சொல்லச் சொன்னார் பெரியப்பா. அவள் சொன்னாள், நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போனதைத் திருத்தி மறுபடியும் சொல்ல வைத்தார். சொல்லி முடித்ததும் அதே வாயால், "சரி, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

'சத்தியம் பேசின பிள்ளை' என்று எனக்கு அன்று கோழிக்கால் கிடைத்தது. அம்மாதான் பரிமாறினாள். தின்றேன், பாவி. அதிலும் மணல் கடித்தது.

மறுநாள் திரும்பும் வண்டியில், "கோவமாம்மா?" என்று கேட்டேன். "நீ என்ன பொய்யா சொன்ன? உள்ளதத்தான சொன்ன" என்றாள். அவள் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் இத்தனை வருஷம் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அடுத்த மே மாதத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்பாவும் வரவில்லை, அவள் கடற்கரைப் பக்கமே அப்புறம் போகவில்லை, சாகிற வரைக்கும்.

இப்போது என் மகன், பேரன் பேத்திகள் உட்பட இருபது பேருக்குக் கடலோர ரிசார்ட் ஒன்றில் அறை போட்டிருக்கிறான். நீச்சல்குளம், மூன்று வேளைச் சாப்பாடு, அறைக்கே வரும் காப்பி என்று அங்கே எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்பதைப் போனில் படித்துக் காட்டினான். அந்த மாடிவீடு இடிந்து போயிற்று, மாட்டுவண்டிகள் போயின, மணியடித்துக் குளிக்கச் சொல்ல இன்றைக்கு ஒரு பெரியப்பாவும் இல்லை. பெரியப்பாவின் கடிதம் மட்டும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு அவள் சாமான்களுக்குள் கிடைத்தது. அன்றைக்குத்தான் அதன் கடைசிப் பகுதியைப் படித்தேன்.

'அங்கே கிடைக்கும் வசதிகள்: கிணறு ஒன்று, அடுப்பு நான்கு, செம்புப் பானை இரண்டு, அரிக்கேன் விளக்கு மூன்று, சமையலுக்கு எஸ்தர்.'

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பேத்தி என் கையைப் பிடித்துக் கடலில் இறக்கி விடுவாளாம். முழங்கால் வரைக்கும் இறங்குவேன். அதற்கு மேல் போக எனக்கு உரிமை இல்லை.