முத்தலிப் பாய் நடந்த தூரம்

"திரு. அப்துல் முத்தலிப், எங்கள் புளோக்கின் சுறுசுறுப்புத் தூதர். அன்றாட நடையில் முதலிடம்."

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடியின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இப்படியொரு சுவரொட்டி, படத்துடன். இரண்டாம் மாடிக்குப் போவதற்கு மின்தூக்கி வரும்வரை முத்தலிப் அதைப் படித்துக்கொண்டு நிற்பார்.

லிட்டில் இந்தியாவில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத உறுதி அவருடையது. குடியிருப்போர் குழு நடைப்போட்டி வைத்து, அடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தைக் கொடுத்தது. அது காலைக் கவனிப்பதில்லை, கை வீச்சைத்தான் எண்ணுகிறது என்பதை அன்றே கண்டுபிடித்துவிட்டார். கடையில் நாள் முழுக்கக் கை வீசுபவர் தே தாரிக் எனும் பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றும் ஹுசைன்.

"பாய், நான் ஆத்துறேன், நீங்க நடக்குறீங்களா? எனக்கு என்ன கெடைக்கும்?"

"என் துவா கெடைக்கும். இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்க லா."

ஹுசைனின் தசைச் செல்கள் சர்க்கரையை எரித்தன. புகழ் முத்தலிபுக்கு வந்தது. நன்றி மறக்காமல் அவர் ஹுசைன் ஆற்றிய தேநீரைக் கெட்டிப்பால் தூக்கலாகக் குடித்து வந்தார். எங்கோ ஒரு கரும்புத் தோகை பிடித்துவைத்த வெயில்தான் அந்த இனிப்பு. செல்லுக்குள் போய், சுவாசித்த ஆக்சிஜனோடு சேர்ந்தால் அந்த வெயில் மறுபடி சக்தியாக வெளியே வரும். முத்தலிபின் தசைகளோ வேலையில்லாததால் வாங்க மறுத்தன. வெயில் ரத்தத்திலேயே தேங்கியது.

கிளினிக்கில் டாக்டர் யாமினி கடிகாரம் காட்டிய அடிக்கணக்கையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், வேலை செய்ற தசை சர்க்கரைய இழுத்துக்கணும். இவ்வளவு நடந்தும் சுகர் ஏறுதுன்னா மாத்திரை பத்தாது. இன்சுலின் ஊசி ஆரம்பிச்சிடலாம்."

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தபோதே மனைவி ருக்கையாவின் கையை நசுக்கியவர் முத்தலிப். தினமும் ஊசி என்றதும் பக்கத்திலிருந்த அவர் கையை மறுபடி தேடினார்.

"சொல்லுங்க மச்சான்," என்றார் ருக்கையா. "தூதருக்குப் பேச்சு வரலையா?"

"டாக்டர்... அதெல்லாம் என் கை இல்ல."

"பின்ன?"

"ஹுசைன் கை. தே ஆத்துற பையன்."

டாக்டர் கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தார். "ஹுசைனுக்கு சுகர் எப்படி?"

"அவனுக்கென்ன, ஈர்க்குச்சி மாதிரி இருக்கான்," என்றார் ருக்கையா. "எரியுறது அங்க, சேருறது இங்க."

"சரி. அடுத்த தடவை வர்ற வரைக்கும் ஊசி வேணாம். நடங்க அங்கிள். உங்க காலால."

சுவரொட்டியை இன்னும் யாரும் எடுக்கவில்லை. கடிகாரம் முத்தலிபின் கைக்கே திரும்பிய அந்த வாரக் கணக்கில் தூதர் கடைசி இடத்துக்குப் போனதைக் குழுவினர் கடிகாரக் கோளாறு என்று முடிவு கட்டி, புதிய கடிகாரம் தருவதாகச் சொன்னார்கள்.

முத்தலிப் அது வேண்டாம் என்றார். தினமும் கடையிலிருந்து, பாதி வழியிலுள்ள நொவீனா ரயில் நிலையம் வரை நடந்து, அங்கே ரயிலேறி வீட்டுக்குப் போனார்.