மேஸ்திரி தொலைத்த கார்டு

மேஸ்திரி தன் மச்சினனுக்கு ஒரு மாதக் கூலி பாக்கி வைத்திருந்தார். பணமில்லாமல் அல்ல. பணம் அலமாரியில், மடித்த வேட்டிக்கு அடியில், உறையோடு இருந்தது. கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மனசு வராததற்குக் காரணம் ஒரு அட்டை. பிழைக்கப் போன நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்று அரசாங்கம் கொடுக்கும் பி.ஆர். கார்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர், மூட்டை சுமந்து, சாந்து குழைத்து, டைல்ஸ் ஒட்டக் கற்று, யார் காலையும் பிடிக்காமல் வாங்கிய கார்டு அது. கோட்டும் டையுமாகப் போகிறவர்களே தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருக்கையில் தன் சட்டைப்பையில் அது இருப்பது சின்ன விஷயமா? அதனால் வீட்டில் பூட்டி வைக்காமல் கூடவே கொண்டு திரிந்தார். யாராவது கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

பெருமைக்கு ஏற்ற கையும் அவருக்கு இருந்தது. அவர் ஒட்டிய தரையில் எங்கே தட்டினாலும் பொக்கென்று சத்தம் வராது. தண்ணீரை ஊற்றினால் அப்படி இப்படித் திரும்பாமல் வடிகாலுக்கு ஓடும்.

ஒரு அடுக்குமாடி வீட்டில் குளியலறை வேலையை முடித்த அன்றுதான் கார்டு காணாமல் போனது. அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர்: மேஸ்திரி, அப்புறம் மனைவியின் தம்பியான இந்த மச்சினன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைத் துழாவினால், டைல்ஸ் ஓரத்தில் சிலிகான் பசையை வழித்துவிட அவர் வைத்திருக்கும் செல்லாத பேங்க் கார்டு இருந்தது, சில்லறை இருந்தது, பி.ஆர். கார்டு இல்லை.

அந்த வாரம்தான் மச்சினன் முன்பணம் கேட்டிருந்தான். அவனுடைய பி.ஆர். விண்ணப்பமோ இன்னும் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இரண்டையும் கூட்டிப் பார்த்து, அவனேதான் என்று முடிவு கட்டிவிட்டார். மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

“அதை எடுத்து அவன் என்ன பண்ணுவான்? உங்க மூஞ்சிய மாட்டிக்கிட்டு திரிவானா?”

“விக்கலாம்ல?”

“இந்த மூஞ்சிய எவன் வாங்குவான்?”

அவருக்குப் பிடிவாதம்தான் ஏறியது. கார்டு வந்தால் கூலி வரும் என்று மச்சினனிடம் சொல்லிவிட்டார். அவன் சண்டை போடவில்லை. சாந்து பூசும் கரணையைக் கழுவித் துடைத்து அவர் பையில் வைத்துவிட்டு, வேறொரு குழுவோடு வேலைக்குப் போய்விட்டான்.

மேஸ்திரிக்கோ அவசரம். புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரியில் கழிப்பறை, குளியலறை அத்தனையும் அவருக்குக் கிடைத்த வேலை. அங்கே கேட்டில் கார்டைக் காட்டாமல் காக்காய்கூட உள்ளே போக முடியாது. தாமதித்தால் வேலை அடுத்தவன் கைக்குப் போய்விடும். ஆகவே மாற்றுக் கார்டுக்கு எழுதிக் கொடுக்கக் கிளம்பினார். இத்தனை வருஷமாக அவருடைய எல்லாப் படிவத்தையும் நிரப்பியது மச்சினன்தான். இப்போது அவனிடம் போய் நிற்க முடியுமா? வெற்றுப் படிவத்தை மடித்துப் பையில் செருகிக்கொண்டு தனியாகப் போனார்.

கவுன்ட்டரில் இருந்த பெண், தொலைந்ததா, திருடு போனதா, சேதமானதா என்று கேட்டாள். தன் பையிலிருந்து ஒரு பொருள் தானாகத் தொலைவதாவது! திருட்டு என்றார், அந்த நாட்டு மொழியில் தனக்குத் தெரிந்த மட்டும். அப்படியானால் போலீஸ் அறிக்கை வேண்டும், யார் மீது சந்தேகம் என்று அதில் சொல்ல வேண்டும் என்றாள் அவள். பிறகு கைரேகை எடுக்கும் கண்ணாடியில் விரலை வைக்கச் சொன்னாள். வைத்தார். அழுத்தினார். துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். பத்து விரலிலும் ரேகை விழவில்லை. சிமெண்ட் தின்றுவிட்டது. ஒரு வாரம் சாந்தில் கை வைக்காமல் கிரீம் தடவிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினாள்.

போலீஸ் நிலையத்து வாசல் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மச்சினன் பெயரைச் சொன்னால் அவன் விண்ணப்பம் அதோடு போச்சு. மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வேலை போச்சு. உள்ளே கூப்பிட்டபோது, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

அந்த ‘நாளை’ வரவேயில்லை. வாழ்நாளில் சும்மா இருந்தறியாத மனிதர், கைக்குக் கிரீம் பூசி மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்த அடுக்குமாடி வீட்டுக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. துணி சுற்றும்போது வாஷிங் மெஷின் மறுபடி ஆடுகிறதாம். மேஸ்திரியின் தரையில் ஒரு மெஷின் ஆடுவதா? கையுறை மாட்டிக்கொண்டு ஓடினார். தரையில் பழுதில்லை. வடிகாலுக்குச் சரிவாக வாட்டம் விட்ட இடத்தில் மெஷின் நிற்கிறது, அதன் முன்கால் திருகு துருப்பிடித்து இறங்க மறுக்கிறது. அன்றைக்கும் இதே தொல்லைதான். அன்று தோளால் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பசை அப்பிய கையால் பையைத் துழாவி, அகப்பட்ட கார்டை முன்காலுக்கு அடியில் சொருகியது அவருக்கு நினைவு வந்தது. செல்லாத பேங்க் கார்டு, போனால் போகட்டும் என்றுதான் அன்று நினைத்தார்.

மெஷினைத் தூக்கி, அடியில் கையை விட்டு எடுத்தார். வந்தது பி.ஆர். கார்டு. சரியாக அவர் முகத்தின் மேல் மெஷின் கால் நின்றிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை, ஓரமெல்லாம் விரிசல்.

அன்று சாயங்காலமே மச்சினன் தங்கியிருந்த அறைக்குப் போனார். அங்கே உட்கார ஒரு கட்டில்தான். மச்சினன் நகர்ந்து இடம் கொடுத்தான். மேஸ்திரி கார்டையும் படிவத்தையும் கட்டிலில் வைத்தார். அவன் கார்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக அவரைப் பார்த்தான்.

“எங்க கெடச்சுது அத்தான்?”

“மெஷின் காலுக்கு அடியில.”

“யாரு வெச்சது?”

“அந்த வீட்ல நாம ரெண்டு பேருதான மாப்ள. நீ வெக்கல.”

மச்சினன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தான். கார்டு எண்ணைப் பார்க்காமலே எழுதினான். எத்தனை படிவம் நிரப்பியவன்! சேதமான கார்டைத் திருப்பிக் கொடுத்தால் போலீஸ் அறிக்கை தேவையில்லை என்று படித்துச் சொன்னான். காரணம் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினான்.

“எப்படி சேதமாச்சுன்னு கேக்குறான். என்ன போடட்டும்?”

“நடந்ததையே போடு. ஆனா தரையில தப்பில்ல, மெஷின் கால்லதான் தப்புன்னு சேத்துப் போடு.”

அப்போதுதான் அவன் சிரித்தான்.

மறுநாள் இருவருமாகப் போனார்கள். கிரீம் வேலை செய்திருந்தது. மெலிசாக இருந்தாலும் ரேகை விழுந்தது. கவுன்ட்டர் பெண் ஓட்டைக் கார்டை வாங்கிக்கொண்டு, புதியது வரும்வரை கேட்டில் காட்ட முத்திரை போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வேலைக்குத் தன் குழுவில் இன்னொரு ஆள் வேண்டும் என்று மேஸ்திரி படியிறங்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார். பழைய பாக்கி முடிந்தால் யோசிக்கலாம் என்று மச்சினனும் அதே சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மேஸ்திரி நின்று, அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த உறையைப் பிரித்தார்.

“கைய நீட்டு.”

கிரீம் கையில் நோட்டு வழுக்கியது. ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணி, கடைசி நோட்டு வரை மச்சினனின் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.