கடல் தண்ணீரில் ஆறிய சூடு

கோவையில் குளிர்சாதனப் பட்டறை வைத்திருக்கிறேன். தூத்துக்குடி மீனவர் ஒருவர் தன் படகில் மீன் வைக்கக் குளிர்பெட்டி கேட்டார். கம்ப்ரசர் சூட்டை ஆற்ற ஃபேன் போதும் என்றேன்.

என்னோடு வேலை செய்யும் செல்வி மறுத்தார். "ஏனுங்ணா, இஞ்சின் ரூம் அனல்ல ஃபேன் சுடுகாத்தைத்தானுங்க ஊதும்? கடல் தண்ணியக் குழாய்ல ஓட்டலாமுங்க."

நான் கேட்கவில்லை. வெள்ளோட்டத்திலேயே பெட்டியில் இருந்த மீன் கெட்டுப்போனது. மீனவர் முன்னால் கூனிக்குறுகி நின்றேன்.

செல்வி குத்திக்காட்டவே இல்லை. ஸ்பேனரை எடுத்தார். "உடுங்ணா, ஃபேனக் கழட்டிப்போட்டுக் கடல் தண்ணிக் குழாயா மாத்திக்கலாமுங்க."

அடுத்த முறை கரை திரும்பியதும் மீனவர் போனில் கத்தினார்: "அண்ணாச்சி, மூணு நாளாகியும் மீனு கல்லு மாதிரி இருக்கு!"

செல்வி துள்ளிக் குதித்தார். பட்டறையே கைதட்டியது. என் யோசனை தோற்றதற்காக நானே கைதட்டியது அன்றைக்குத்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் தோற்றதில்லை.