மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

காசாபிளாங்காவில் டிராம் ஓட்டும் பெண்களில் இட்டோவைப் போல மணி அடிப்பவள் கிடையாது. தண்டவாளத்தில் புறா நின்றாலும் அடிப்பாள். "உனக்கென்னடி, கையில நமைச்சலா?" என்று உடன் ஓட்டுபவர்கள் கிண்டல் செய்வார்கள். பதினோரு வருடத்தில் அவள் டிராம் ஒருவர் மேலும் உரசியதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை மதியம், பள்ளிவாசல் முனையில் மட்டும் அவளும் அடிக்கமாட்டாள். உள்ளே இடம் போதாமல் தெருவெல்லாம் பாய் விரித்துத் தொழுவார்கள். அந்த நேரத்தில் மணி அடிப்பது மரியாதை இல்லை என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. விதிப் புத்தகமோ அந்த முனையில் கட்டாயம் அடி என்கிறது. புத்தகத்தை யார் கேட்டார்கள்!

அந்த வெள்ளிக்கிழமை புதினா விற்கும் பூஅஸ்ஸா கடைசிக் கட்டையும் விற்றுவிட்டு, நேரமாகிவிட்டதே என்று பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். டிராம் வந்த பக்கத்தைப் பாய் மறைத்தது. இட்டோ அவரைப் பார்த்தாள். நடைபாதை ஓரத்தில் நின்றுவிடுவார் என்று நினைத்தாள். மணிக்குப் போன கை, தொழுகை தொடங்கிவிட்டதே என்று தயங்கியது. அவர் நிற்கவில்லை. பிரேக்கை அழுத்தினாள். டிராம் என்ன மாட்டுவண்டியா, பிடித்த இடத்தில் நிற்க?

உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணை வைத்தார்கள். டிராமின் கருவியில் வேகமும் பிரேக்கும்தான் பதிந்திருந்தன. தொழுதுகொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மணிக்கு அவள் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. அடித்தேன் என்றால் அவள் இருக்கை அவளுக்கு. பழி ஓடிவந்தவர் தலையில். முனையும் அப்படியே கிடக்கும்.

ஆஸ்பத்திரியில் பூஅஸ்ஸாவே சொன்னார்: "அடிச்சேன்னு சொல்லிடு தங்கச்சி. எனக்கும் கேட்டுச்சுன்னு சொல்றேன். என் கால் போனது போயிடுச்சு. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கிறவ, உன் வேலையும் ஏன் போகணும்?"

"அப்படிப் பேசாதீங்கண்ணே" என்று அழுதாள்.

மறுநாள் அதிகாரி கேட்டார்: "மணி அடிச்சீங்களா?"

"அடிக்கல சார். வெள்ளிக்கிழமை அங்க நாங்க யாருமே அடிக்கறதில்ல."

வெளியே வந்ததும் உடன் ஓட்டும் ஹயாத் பிடித்துக்கொண்டாள். "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? கெட்டதுதான் கெட்ட, எங்களையும் ஏன்டி இழுத்த?"

இட்டோவை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி, நிறுத்தத்தில் டிக்கெட் பார்க்கப் போட்டார்கள். அவளுக்கு நெஞ்சு வெந்தது. மூன்று மாதத்தில் முனையில் கார்களுக்கு வேகத்தடை போட்டார்கள், கடக்கும் பாதையை மேடாக்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் டிராம் நடைவேகத்தில், மணி அடித்துக்கொண்டே போகவேண்டும் என்று உத்தரவு. "தொழும்போது மணியா? அடுக்குமா?" என்று தெரு முணுமுணுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உத்தரவு வந்த முதல் வெள்ளிக்கிழமை இட்டோ பள்ளிவாசல் முனை நிறுத்தத்தில் நின்றாள். தொழுகை நடுவே டிராம் மணியடித்துக்கொண்டு ஊர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொழுகை முடிந்து பூஅஸ்ஸா ஊன்றுகோலில் வந்தார்.

"மணி ரொம்பத் தொந்தரவா இருந்துச்சாண்ணே?"

"எந்த மணி?" என்றார். பிறகு யோசித்தார். "மனசு ஒன்றித் தொழறவனுக்கு அது எங்கம்மா கேக்குது? ஓடி வர்றவனுக்குத்தான் கேக்கும்."

இட்டோ அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த டிராம் வரும்வரை அவர் அவள் பக்கத்தில் நின்றார்.