வெட்டாத செட்டை

பத்து வயதில் நான் செய்த அந்தக் காரியத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. மனம் திருந்திய கதை வேண்டுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொலோன் நகரத்துக்குக் கிழக்கே, ரைன் நதியில் போய்ச் சேரும் சின்ன ஆறொன்றின் கரையில் குடியிருந்தோம். அப்பா மன்னார்க் கடலில் வளர்ந்தவர். அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் ஊர்த் தூண்டில்காரர் சங்கம் நடத்திய மீன்குஞ்சு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அம்மாவுக்கு இது பெரிய பகிடி. "அங்கை மீன் எங்களுக்குச் சோறு போட்டுது, இஞ்சை இவர் மீனுக்குச் சோறு போடுறார்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஆற்றில் ஒரு காலத்தில் ஃபொரெல்லெ எனப்படும் பெரிய ட்ரவுட் மீன்கள் இருந்தனவாம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிடுவதற்கு மறுபடியும் அதே ஆற்றைத் தேடி வருகிற இனம். தொழிற்சாலைக் கழிவும் அணைகளும் சேர்ந்து அவற்றை ஒழித்துவிட்டன. பிறகு ஆறு சுத்தமானது. சங்கத்தார் டென்மார்க்கிலிருந்து முட்டை வரவழைத்து, தட்டுகளில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஒரு வருடம் தொட்டியில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். விடுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. முதுகில் துடுப்பாக நிற்கும் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே அந்த மீனுக்கு இன்னொரு குட்டிச் செட்டை இருக்கும். அரிசிமணி அளவுதான். அதைக் கத்திரிக்கோலால் நறுக்கிவிடுவார்கள். பின்னால் மீன்கள் திரும்பி வரும்போது, தொட்டியில் பொரித்தது எது, ஆற்றிலே தானாகப் பிறந்தது எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது.

பாலத்தடியில் சங்கத்தின் அறிவித்தல் பலகை ஒன்று இருந்தது. செட்டை வெட்டிய மீனைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். செட்டை முழுதாக இருந்தால் முத்தமிடாத குறையாகத் தண்ணீரில் திரும்ப விடவேண்டும்.

அப்பா சட்டத்துக்குப் பயந்த மனிதர். குப்பையைக்கூட இரண்டு முறை தரம் பிரிப்பார். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் விசா வருடத்துக்கு வருடம் நீட்டப்படுவது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மீன், அதாவது வரச்சொல்லிக் குறித்த நாள், வரும்போது 'இவருக்கு எங்களிடம் வேலை உண்டு' என்று சங்கத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. தலைவர் கெட்டவர் அல்ல. ஆனால் கடைசிக் கிழமை வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டார். அந்தக் கிழமைகளில் அப்பா வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்.

அப்படியொரு கிழமையில்தான் அந்த வருடத்துச் செட்டை வெட்டு வந்தது. சனிக்கிழமை, தலைவரும் சங்கத்து ஆட்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மீன்களை மயக்குவதற்குத் தண்ணீரில் கராம்பு எண்ணெய் விட்டிருந்ததால் நிலையம் முழுக்கப் புரியாணிச் சட்டியைத் திறந்த வாசம். நீள மேசையில் ஆளுக்கொரு கத்திரிக்கோல், பக்கத்தில் ஆளுக்கொரு வாளி. மயங்கிய மீனை எடுப்பது, நறுக்குவது, வாளியில் போடுவது. வாளி நிறைந்ததும் மேசையின் கடைசி முனையில் நின்ற அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு மீனாக எடுத்துத் தொட்டிக்குள் விட்டபடி, எண்ணும் கருவியை மற்றக் கைப் பெருவிரலால் அமத்திக்கொண்டிருந்தார்.

எனக்குப் பக்கத்தில் தலைவரின் மகள். என் வகுப்புத்தான். வேகவேகமாக நறுக்கிக்கொண்டே, இதெல்லாம் இந்த ஆற்று மீன் இல்லை, அதனால்தான் வெட்டுகிறோம் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். இங்கேதானே பொரித்தது என்று கேட்டேன். தட்டில் பொரித்தது கணக்கில் வராது என்றாள். அப்படியானால் இதன் குஞ்சு? அது ஆற்றில் பிறந்தால் வரும் என்றாள். இது ஏன் வராது? ஏனென்றால் தன் அப்பா அப்படிச் சொன்னார் என்றாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திய வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு திரிந்த பிள்ளை தன்னையே அந்த மீனில் கண்டாள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு அவளைப் பிடிக்காது, அவ்வளவுதான். எது கணக்கில் வரும், எது வராது என்று அவள் அப்பா சொல்லிவிட்டால் அதுவே முடிவா என்று எரிச்சலாக இருந்தது. அதோடு பாலத்தடிப் பலகையும் ஞாபகத்துக்கு வந்தது. நான் இப்போது நறுக்கினால், இந்த மீனை யாரும் பொரித்துத் தின்னலாம்.

நறுக்கவில்லை. மீனை எடுத்தேன், கத்திரிக்கோலைக் காற்றில் 'கிளிக்' என்று வெட்டினேன், வாளியில் போட்டேன். அடுத்தது. அடுத்தது. வாளி நிறைந்ததும் நானே தூக்கிக்கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மீன்களை எண்ணத் தொடங்கினார். அப்பா வெறும் எண்ணிக்கைக்காரர், ஒன்றையும் கவனிக்கவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மூன்று வருடம் கழித்து மீன்கள் கடலிலிருந்து திரும்பின. அணைக்கட்டில் வைத்த கூட்டில் ஒரு நவம்பர் காலை முழங்கை நீளத்தில் ஒன்று அகப்பட்டது. செட்டை முழுதாக இருந்தது. அடுத்த நாட்களில் இன்னும் இரண்டு. ஆற்றிலேயே தானாகப் பிறந்த மீன் என்று சங்கமே பூரித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கொண்டாட்டம் வைத்தார்கள். சொசேஜ் சுட்டார்கள். அம்மா கொண்டுபோன ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசியாகப் பிடித்த மீனை ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டு தலைவர் பேசினார். இது எங்கிருந்தும் கொண்டுவந்த மீன் அல்ல, நம் ஆற்றின் சொந்தப் பிள்ளை என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மீனுக்கு ஒரு வருடம் தீனி போட்டவர் பின்வரிசையில் நிற்கிறார், இவர் அதற்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறார். பதின்மூன்று வயது வாய் வேறு. அது ஆற்றில் பிறந்த மீன் இல்லை, தட்டில் பொரித்தது, நான்தான் வெட்டாமல் விட்டேன், ஒரு வாளி முழுக்க விட்டேன் என்று ஜெர்மன் மொழியில் உரக்கச் சொன்னேன். சுட்ட சொசேஜ் பலர் கையில் பாதியில் நின்றது. தலைவர் மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த வருடக் கடிதமும் அப்போது கையெழுத்தாகாமல் அவரிடம்தான் இருந்தது.

அப்பா சிரித்தார். எல்லா மீனையும் தானே பார்த்துத்தான் விட்டதாகவும், வெட்டாதது ஒன்றுகூடப் போகவில்லை என்றும், பிள்ளைக்குக் கற்பனை கொஞ்சம் கூட என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் வந்து என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும் அம்மா தொடங்கினார். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ உனக்கு? இவ்வளவு பேருக்கு முன்னாலை!" முன் இருக்கையைப் பார்த்து, "அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி. கடிதத்துக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டார்" என்றேன். அப்பா காரைக் கிளப்பினார். கடிதம் வந்தது, விசாவும் வந்தது. நான் அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அவரோடு 'ஓம்', 'இல்லை' தவிர வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். வளர்ந்து, வீட்டை விட்டுப் போய், சொந்தமாக விசா எதுவும் தேவைப்படாத ஆளாக ஆன பிறகும் வைத்திருந்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற வருடம் வீட்டுக்குப் போயிருந்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய விளைமீனைக் குசினியில் நின்று துப்பரவு செய்துகொண்டிருந்தார். ஏதோ பேச்சில் பழைய கதை வந்தது. நான் விடவில்லை. அந்த மீன் என்னுடையதுதான், நீங்கள் எல்லோருக்கும் முன்னால் பொய் சொன்னீர்கள் என்றேன்.

"நூற்றி எண்பத்தேழு" என்றார் அப்பா.

"என்ன?"

"உன்ரை வாளியிலை வந்தது. ஒண்டிலையும் வெட்டு இல்லை. மூண்டாவது மீனிலேயே கண்டிட்டன்."

"கண்டும் ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் மீனைக் கழுவித் தட்டில் வைத்தார். "தவறினதை வெட்டத்தான் என்னை அந்த முனையிலை விட்டவை. கத்திரிக்கோல் என்ரை பொக்கற்றுக்குள்ளை இருந்தது, பிள்ளை. நான் எடுக்கேல்லை. உன்ரை மீனுகள் அதுகள், முழுசாப் போகட்டும் எண்டு விட்டனான். பிறகு ஆத்தங்கரையிலை தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கேக்கை, ஓம் எண்டு சொல்லி அதுகளைத் தின்னக் குடுக்கவோ?"

காரில் நான் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்ட மனிதர், கடிதம் கையெழுத்தாகாத ஒரு கிழமையில், தலைவர் நாலடி தள்ளி நிற்க, நூற்றி எண்பத்தேழு தடவை கையைப் பொக்கற்றுக்குள் விடாமல் நின்றிருக்கிறார். அன்று அந்த மேசையில் துணிந்தவள் நான் ஒருத்திதான் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.